மஞ்சள் புள்ளி

அந்தப் பெரிய கடையின் பழம், காய்கறிப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஒரு சட்டம்தான் நடந்து வந்தது. மூக்கக்கா புள்ளி வைத்துவிட்டால் அப்பீல் கிடையாது.

காலை ஆறரைக்குப் பின்வாசலில் லாரி வந்து நிற்கும். பிளாஸ்டிக் கூடைகள் வரிசையாக இறங்கும். அவள் இடது மணிக்கட்டில் மூன்று ஸ்டிக்கர் சுருள்களை வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து நடக்க ஆரம்பிப்பாள். பச்சைப் புள்ளி ஒட்டினால் சரக்கு நேராக அடுக்குக்குப் போகும். மஞ்சள் ஒட்டினால் நாளைக்குத் தாங்காது, இன்றைக்கே வெட்டி டப்பாவில் அடைத்து விற்றுவிட வேண்டும். சிவப்பு என்றால் குப்பைத்தொட்டி. தக்காளியைக் காம்படியில் பார்ப்பாள், காலிஃப்ளவரைத் திருப்பி அடித்தண்டைப் பார்ப்பாள், வெண்டைக்காயைத் தொட்டாலே போதும். நுனியை ஒடித்துப் பார்க்கிற வாடிக்கையாளர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒடிச்சதை யாரு வாங்குவா, உங்க மாமியாரா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள்.

ஆனால் கண்ணும் கையும் எல்லோருக்கும் இருக்கிறது. அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மூக்குதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாய் தைத்த உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றைத் தாண்டிப் போனவள் நின்று, "இதுக்குள்ள ஒண்ணு செத்துக் கிடக்கு" என்றாள். சிரித்தார்கள். மூட்டையைக் கொட்டினார்கள். நட்டநடுவில் ஒரே ஒரு கிழங்கு, கைபட்டதும் கூழாகப் போனது. அன்றைக்குச் சிரிப்பு நின்றது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இப்போது இருக்கிறது.

அந்த மூக்கு நாலு மாதத்துக்கு முன்னால் போய்விட்டது.

பெரிய வியாதி ஒன்றுமில்லை. சளி, இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் எழுந்து காபி போட்டாள், வெந்நீர் மாதிரி இருந்தது. தூள் பழசு என்று திட்டினாள். பிறகு பூண்டை நசுக்கி முகர்ந்தாள். சோப்பை முகர்ந்தாள். தீக்குச்சியைக் கிழித்து அணைத்து முகர்ந்தாள். கடைசியில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் அக்குளையே முகர்ந்தாள். ஒன்றுமில்லை. உலகத்தை யாரோ கழுவித் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டாக்டரிடம் போனாள். "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மகள் மூன்று மாதக் கர்ப்பத்தோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், மாப்பிள்ளையும் கூடவே வந்து தங்கியிருந்தார். அவர்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். கடையில் சொன்னால் வேலைக்கு ஆபத்து என்பது இரண்டாவது காரணம். மூன்றாவதை அவள் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மூக்கில்லாத மூக்கக்காவை ஊர் சிரிக்குமே! பயம் பாதி, கர்வம் பாதி. எது பெரிய பாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தந்திரம் கற்றுக்கொண்டாள். வெட்டறையில் பழம் நறுக்குகிற ஒரு பெண்மணி உண்டு. ஒல்லி, ஓர் இடத்தில் நிற்கமாட்டாள், பேச்சும் அப்படியே. அவளுக்கு வெட்டுக்கிளி என்று பட்டம். மூக்கக்காவைவிட மூன்று வயது மூத்தவள், ஆனாலும் வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். சந்தேகமான பழத்தை எடுத்துக்கொண்டு மூக்கக்கா அவளிடம் போவாள்.

"இதை மோந்து பாத்து சொல்லு பாப்போம். இத்தனை வருஷம் என்கூட இருந்து என்ன கத்துக்கிட்டேன்னு பாக்கறேன்."

"லேசா புளிப்பு அடிக்குதுக்கா. சிவப்பு?"

"பரவாயில்லையே, தேறிட்டே!" என்று சிவப்புப் புள்ளியை ஒட்டிவிட்டு வருவாள். வெட்டுக்கிளிக்கு அன்று முழுவதும் கால் தரையில் நிற்காது. பாவம், பரீட்சை எழுதியது யார், காப்பி அடித்தது யார் என்று அவளுக்குத் தெரியாது.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஒரு மாலை அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா! கேஸ் வாடை கூடம் வரைக்கும் மூக்கைத் துளைக்குது. நீ இங்கேயே நிக்கறே!"

அடுப்புத் திருகு திறந்திருந்தது. நெருப்புப் பெட்டி அவள் கையருகில் இருந்தது. மகள் ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"சளிடி. மூக்கடைப்பு" என்றாள்.

மகள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையை அம்மா எட்டி நின்று முகர்ந்தே, "டிபனை யாருக்குக் குடுத்தே?" என்று கேட்டு வளர்ந்த பெண். அம்மா மூக்கு பொய் சொல்லும் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றாது. அன்றிரவு மூக்கக்கா எழுந்து எழுந்து போய் அடுப்புத் திருகைத் தடவிப் பார்த்தாள். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வழக்கம்போல் ஸ்டிக்கர் சுருளை மாட்டிக்கொண்டாள்.

ஏழாம் மாதம் பிறந்தது. மகளுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டல். சோறு இறங்கவில்லை, ரொட்டி இறங்கவில்லை. இறங்கிய ஒரே பொருள் முலாம்பழம். அதுவும் குளிரக் குளிர, சின்னத் துண்டுகளாக. மூக்கக்கா தினமும் வெட்டறையிலிருந்து ஒரு டப்பா வாங்கிவந்தாள். தான் புள்ளி வைத்த பழம், வெட்டுக்கிளி கையால் வெட்டியது, வேறு யார் கையும் படாதது. மாப்பிள்ளை ஒரு நாள் தெருமுனைக் கடையிலிருந்து ஜூஸ் வாங்கி வந்ததற்கு அவள் பிடி பிடி என்று பிடித்தாள்.

"வெளிய வாங்காதீங்க மாப்பிள்ளை. எந்தத் தண்ணியோ, எந்தப் பழமோ. நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?"

"சரிங்க அத்தை" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர். வாய் பேசாதவர்களுக்குக் கிடைக்கிற மரியாதைதான் அவருக்கும் அந்த வீட்டில் கிடைத்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் குளிர் அறைக் கதவைத் திறந்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்ன என்று தெரியவில்லை. கதவின் ரப்பர் ஓரத்தில் ஈரம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. தரையில் ஒரு சின்னக் குட்டை. பழைய மூக்கக்காவாக இருந்தால் வாசலிலேயே நின்றிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் மோட்டார் நின்று, பல மணி நேரம் கழித்துத் தானே ஓட ஆரம்பித்திருந்தது. உள்ளே காற்று இப்போது ஜில்லென்றுதான் இருந்தது. நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி வாடைதான். அந்தச் சாட்சியை விசாரிக்க அவளிடம் ஒன்றுமில்லை.

குனிந்து குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் மேனேஜர் குரல் கேட்டது. கூடவே தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர், கழுத்தில் அட்டை தொங்க.

"சார், இவங்கதான் நான் சொன்னேனே. மெஷினெல்லாம் இவங்க கிட்ட நிக்க முடியாது. அக்கா, சாருக்குக் கொஞ்சம் பண்ணிக் காட்டுங்களேன்."

வெட்டுக்கிளியிடம் ஓட வழியில்லை. எட்டு முலாம்பழங்கள் கூடையில் இருந்தன. ஒன்றை எடுத்தாள். கனம் சரி. காம்பு விழுந்த வடு காய்ந்து சுத்தமாக இருந்தது. எதிர்முனையில் கட்டைவிரலை அழுத்தினாள். கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போனது. ஒரு கணம் சிவப்புச் சுருளின் மேல் விரல் போனது. எட்டையும் தூக்கிப் போட்டால் அதிகாரி ஏன் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு, பழத்தை மூக்கருகில் கொண்டுபோய், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். காற்று வந்தது. வெறும் காற்று.

"என்னம்மா தெரியுது?" என்று அதிகாரி உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

"தேன் வாசம் சார். ஓரத்துல லேசா வெள்ளரிப் பிஞ்சு. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அருமையா இருக்கும்."

எட்டுக்கும் மஞ்சள் புள்ளி ஒட்டினாள். அதிகாரி கைதட்டினார். மேனேஜர் தானே முகர்ந்து சொன்ன மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்பதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். மகள் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டவள், மெல்லுவதை நிறுத்தினாள்.

"அம்மா, இது ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"புளிச்ச மாதிரி. வாடையும் அடிக்குது. நீயே மோந்து பாரு."

டப்பா அவள் மூக்குக்கு நேராக வந்தது. மாப்பிள்ளை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். "எனக்குத் தெரியலடி, வேண்டாம் விடு" என்றால் முடிந்தது. ஆனால் அந்த முதல் பாதியைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. காலையில்தான் ஓர் அதிகாரி கைதட்டியிருந்தார். அவள் குனிந்தாள். மூச்சை இழுத்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. மாசமா இருக்கறப்போ வாய் இப்படித்தான் புளிக்கும். பழத்துல ஒண்ணுமில்ல."

"அப்படியா?" என்றாள் மகள். மறுபடியும் ஒரு துண்டை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, விழுங்கினாள். "எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு போல."

டப்பா காலியாகும் வரை மூக்கக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசி இரண்டு துண்டுகளை வேண்டாம் என்று தள்ளியபோது, "வீணாக்காதே, குழந்தைக்கு வேணும்" என்று அவளே ஊட்டிவிட்டாள்.

மறுநாள் பகலில் ஆரம்பித்தது. முதலில் வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. மாலைக்குள் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி, தண்ணீர் ஏற்றினார்கள். புதன்கிழமை காலையில் மகள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இழுத்துப் பிடிக்குது" என்றாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் சொன்னாள். டாக்டரம்மா வந்து வயிற்றில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்தது மூக்கக்காவுக்குப் புரிந்தது. ஏழாம் மாதம். குழந்தை வெளியே வர வேண்டிய நேரம் இல்லை.

"ரெண்டு நாளா என்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. எதனால வந்துதுன்னு தெரிஞ்சா மருந்தை உடனே மாத்தலாம். பரிசோதனை முடிவு வரைக்கும் காத்திருக்க நேரமில்ல."

மகள் திக்கித் திக்கிச் சொன்னாள். ரொட்டி ஒரு துண்டு. பால். முலாம்பழம்.

"பழம் எங்க வாங்கினது?"

"அது அம்மா கடையில. அதுல ஒண்ணுமில்ல டாக்டர். அம்மாவே மோந்து பாத்துத்தான் குடுத்தாங்க. கெட்டிருந்தா அம்மாவுக்குத் தெரியாதா?"

"வேற வெளியில ஏதாவது?"

"ஜூஸ். ஆனா அது போன வாரம்..."

டாக்டரம்மா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "எந்தக் கடை? தண்ணி கலந்ததா?" மாப்பிள்ளையின் முகம் செத்துப்போனது. "நான்தாங்க வாங்கிட்டு வந்தேன். அத்தை அப்பவே சொன்னாங்க" என்றார். சொல்லிவிட்டு மாமியாரை மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தார்.

மூக்கக்கா பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். இதைவிடக் கேவலமான ஒரு நிமிஷம் அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. அது அவளுக்கே தெரிந்தது, தெரிந்தும் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா போய்விட்டார். பின்னாலேயே அவளும் நடைக்கு வந்து, சுவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி நடையில் மருந்து வாடை அடிக்கும் என்பது அவளுக்கு நினைவில் மட்டும் இருந்தது. மாப்பிள்ளை மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. வெட்டுக்கிளி.

"அக்கா, பாப்பா எப்படி இருக்கு? உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுதான். இங்க நேத்திலேருந்து ஒரே சத்தம். திங்கட்கிழமை முலாம்பழ டப்பா வாங்கினவங்க ரெண்டு பேர் வாந்தின்னு வந்து கத்தினாங்க. ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில படுத்திருக்காராம். மேனேஜர் விட்டாரா? எங்க மூக்கக்கா புள்ளி வெச்ச பழம், வாய்ப்பே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

"வெட்டும்போது உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"தெரிஞ்சுதுக்கா. கத்தி வெக்கும்போதே ஒரு மாதிரி புளிச்ச வாடை. ஆனா நீங்க வெச்ச புள்ளி. உங்க மூக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுடப் போகுதுன்னு வெட்டிட்டேன். நான் கூப்பிட்டது அதுக்கில்ல. அன்னைக்கு ஆறுதான் வெட்டினேன். உங்க மஞ்சப் புள்ளியோட ரெண்டு பழம் இன்னும் குளிர் அறையில கிடக்கு. இன்னைக்கு லாரி வரல, அடுக்கு காலியா இருக்கு, அதை வெட்டச் சொல்றாரு மேனேஜர். வெட்டட்டுமா?"

"வெட்டாத."

"ஏன்க்கா? நீங்க பாத்ததுதானே?"

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். அறைக்குள்ளிருந்து மகளின் முனகல் கேட்டது. இந்த முறை முன்னைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. மூக்கக்கா எழுந்து நின்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாக்கலடி. எனக்கு மூக்கு செத்து நாலு மாசம் ஆச்சு. எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. மேனேஜர்கிட்ட சொல்லு. அந்தப் பெரியவர் எந்த ஆஸ்பத்திரின்னு கண்டுபிடிச்சு, பழம்தான்னு அவங்ககிட்டயும் சொல்லச் சொல்லு. இப்பவே சொல்லு."

மூக்கக்கா போனை வைத்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமல், டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

"டாக்டர், ஜூஸ் இல்ல. பழம்தான். அதே பழத்தைச் சாப்பிட்டு இன்னும் மூணு பேருக்கு முடியாம போயிருக்கு."

டாக்டரம்மா ஒன்றும் திட்டவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது, வெட்டி எத்தனை நேரம் இருந்தது என்று மட்டும் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். "இதை ஒரு மணி நேரம் முன்னால சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

மருந்து மாறியது. கையில் இன்னொரு ஊசி. இடுப்பில் ஒன்று. வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பை ஒரு பெட்டியில் கேட்கும்படி வைத்தார்கள். டுக்டுக்கென்று அது ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மெதுவானபோதெல்லாம் அறையில் மூச்சுவிடுகிறவர்கள் யாரும் இல்லை. பிற்பகலில் வலி விட்டு விட்டு வந்தது. "பிடிச்சு நிறுத்தியிருக்கோம். இன்னும் ரெண்டு நாள் தாண்டணும். அப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா.

மாப்பிள்ளை மகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மூக்கக்கா கட்டில் ஓரத்தில் போய் நின்றபோது மகள் கண்ணைத் திறந்தாள். அழுது முடித்த கண்.

"நான்தான் சொன்னேனேம்மா, புளிக்குதுன்னு."

"ஆமாண்டி."

"நீ மோந்து பாத்தியே."

"பாத்தேன்."

"ஒண்ணுமே தெரியாமயா?"

அவள் தலையாட்டினாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தாள். கடைசி இரண்டு துண்டுகளை ஊட்டிவிட்ட கை அது, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி டுக்டுக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு நர்ஸ் ஒரு டம்ளரில் கஞ்சி கொண்டுவந்தாள். "கொஞ்சம் கொஞ்சமா குடிங்கம்மா." மூக்கக்கா வழக்கப்படி கையை நீட்டி வாங்கினாள். எந்த உணவும் அந்த வீட்டில் அவள் முகத்தைத் தாண்டித்தான் போகும். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகவே டம்ளரை மூக்கருகில் கொண்டுபோனது.

"அம்மா" என்றாள் மகள். குரலில் கோபமே இல்லை. "அவர்கிட்ட குடு. அவர் மோந்து பாக்கட்டும்."

மூக்கக்கா டம்ளரை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் மாமியாரின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, திரும்பி நின்று முகர்ந்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். "நல்லா இருக்கு, குடி" என்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள்.